தண்ணீரில் இறங்கும் பழைய இராணுவ வண்டி: வாசகர் கேள்வி - பதில்

மே மாத மழை தொடங்கியதும் பழைய ஜீப், லேண்ட்ரோவர், ஆமி லொறி வைத்திருக்கும் வாசகர்களிடமிருந்து கேள்விகள் குவிகின்றன. ஆழமான தண்ணீரில் வண்டியை இறக்குவது பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டோம்.

என்னிடம் இருப்பது 2.25 லீற்றர் டீசல் எஞ்சின் கொண்ட பழைய லேண்ட்ரோவர். ஸ்னோர்கெல் பூட்டிவிட்டேன். இனி ஒரு மீற்றர் தண்ணீரில் இறக்கலாமா?
*வாசகர், கொலன்னாவை*

இப்போதைக்கு வேண்டாம். ஸ்னோர்கெல், அதாவது உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாய், எஞ்சினுக்கு மட்டும்தான் காற்றுக் கொடுக்கிறது. அந்த வண்டியில் காற்று போய்வரும் இடங்கள் இன்னும் பல உண்டு: முன்னச்சு, பின்னச்சு, கியர்பெட்டி, ட்ரான்ஸ்ஃபர் பெட்டி (இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பது), கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிப்பாகம்), டீசல் டாங்கி, பிரேக் ஒயில் டப்பாவின் மூடி. தண்ணீர் பெரும்பாலும் இந்த வழிகளால்தான் உள்ளே போகிறது. அதுவும் வண்டியே உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது.

கணக்கைப் பாருங்கள். நன்றாக ஓடி வந்த அச்சின் உள்ளே 75 பாகை சூடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 28 பாகைத் தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 13 வீதம் சுருங்கும். ஒயிலுக்கு மேலே 2 லீற்றர் காற்று இருந்தால், கால் லீற்றர் அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது இழுத்தே தீரும். பிரீதர், அதாவது காற்று போய்வரும் சிறு வாய், தண்ணீருக்குள் இருந்தால் இழுபடுவது தண்ணீர்தான். பிரீதர் சேற்றில் அடைபட்டிருந்தால் இன்னும் மோசம். உள்ளே உண்டாகும் வெற்றிடம் 1.3 மீற்றர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாகிவிடும். அது ஒயில் சீலின் உதட்டைத் தாண்டிச் சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒயில் வெளியே வராமல் பிடிப்பதற்காகத்தான் அந்த சீலின் உதடு அமைக்கப்பட்டிருக்கிறது. எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் அழுத்தத்தை அது தாங்காது.

ஆகவே முதல் வேலை பிரீதர்களை உயரத்துக்குக் கொண்டுபோவது. அச்சின் மேல் இருக்கும் சிறு பிரீதரைக் கழற்றி, அதையே கையில் எடுத்துக்கொண்டு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்குப் போங்கள். அதே புரியுள்ள பித்தளை ஹோஸ் முனை கேளுங்கள். அளவை வாயால் சொல்லி வாங்க வேண்டாம். பழைய பிரித்தானியப் புரிக்கும் மெட்ரிக் புரிக்கும் கண்ணால் வித்தியாசம் பிடிபடாது. தப்பான புரியும் இரண்டு சுற்று ஏறி இறுகும். ஸ்பானரால் பலமாகத் திருகினால் கேசிங்கின் புரி போய்விடும். 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள, ஒயில் தாங்கும் ரப்பர் ஹோஸ் போதும். அதை விண்ட்ஸ்கிரீனின் அடிவரை ஏற்றி, முனையைக் கீழ்நோக்கி வளைத்து, சின்ன பில்டர் ஒன்றைப் போட்டு விடுங்கள்.

ஹோஸை வெட்டுமுன் சேஸியை ஜாக்கியில் தூக்கிச் சில்லுகளைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். தரையில் நிற்கும்போது அளந்து வெட்டிய ஹோஸ் முதல் பள்ளத்திலேயே பிடுங்கிக்கொள்ளும். அதற்காக அளவுக்கு மீறித் தொய்யவும் விடக்கூடாது. தொய்வில் ஒயிலும் ஈரமும் தேங்கினால் ஹோஸ் அடைபட்டுவிடும், பிறகு பிரீதர் இருந்தும் இல்லாத கதைதான். அச்சு, கியர்பெட்டி ஹோஸ்களை மேலே ஒரு பெரிய குழாயில் சேர்க்கலாம். டாங்கி ஹோஸும் பிரேக் ஹோஸும் தனித்தனியாகவே போகட்டும். டாங்கி ஹோஸின் முனை சைலன்சர் குழாய்க்குக் கிட்டே வரக்கூடாது.

கிராங்க்கேஸ் பிரீதரை அடைத்துவிடலாம் என்று சில பாஸ்மார் சொல்வார்கள். செய்யாதீர்கள். பிஸ்டனைத் தாண்டி வரும் புகை போக வழியில்லாமல் பின்பக்க ஒயில் சீலைத் தள்ளிவிடும். அதற்கும் ஹோஸ் போட்டு மேலேதான் கொண்டுபோக வேண்டும்.

ஸ்னோர்கெலைப் பற்றியும் ஒன்று. பூட்டினால் போதாது, சோதிக்க வேண்டும். எஞ்சின் ஐட்லில் ஓடும்போது ஸ்னோர்கெலின் வாயை ரப்பர் ஒட்டிய பலகைத் துண்டால் மூடுங்கள். டீசல் எஞ்சினில் வெறும் கையை வைக்காதீர்கள். சில விநாடிகளில் எஞ்சின் அடங்கி நிற்க வேண்டும். தொடர்ந்து ஓடினால் எங்கேயோ காற்று வருகிறது என்று அர்த்தம். காற்று வரும் இடத்தால் தண்ணீரும் வரும். ஒவ்வொரு இணைப்பிலும் சவர்க்காரத் தண்ணீர் தடவிப் பார்த்தால், நுரை உள்ளே இழுபடும் இடம் தெரியும். எயார் கிளீனர் ஒயில் குளிப்பு வகையாக (அடியில் நிற்கும் ஒயிலில் தூசியைப் பிடிப்பது) இருந்தால், ஒயில் குறிக்கு மேல் ஒரு சொட்டும் நிற்கக்கூடாது. மிஞ்சிய ஒயிலை எஞ்சின் இழுத்துக்கொண்டால் டீசல் எஞ்சின் அந்த ஒயிலையே எரித்து, டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் ஓடும்.

இவ்வளவு கவனம் எதற்கு என்றால், உங்கள் எஞ்சினின் அழுத்த விகிதம் 23:1. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது ஒரு சிலிண்டரில் மிஞ்சும் இடம் 26 மில்லிலீற்றர், இரண்டு மேசைக்கரண்டிக்கும் குறைவு. அதற்கு மேல் தண்ணீர் புகுந்தால் பிஸ்டனால் மேலே வரமுடியாது, பிஸ்டனைத் தாங்கும் தண்டான கொன்ரொட் வளையும். அதே அளவு பெற்றோல் எஞ்சினில், விகிதம் 7:1 என்றால், 95 மில்லிலீற்றர் இடம் இருக்கும். டீசல் எஞ்சின் தண்ணீரில் பயமில்லாமல் போகும் என்ற பேச்சு பாதிதான் உண்மை. பிளக்கும் கொயிலும் இல்லாததால் அது நனைந்து நிற்காது. ஆனால் தண்ணீரைக் குடித்துவிட்டால் பெற்றோல் எஞ்சினைவிட மோசமாக உடையும்.

எதுவும் மாற்றாத லேண்ட்ரோவருக்கு அரை மீற்றர்தான் எல்லை. மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தபின் ஓடாத தண்ணீரில் 75 சென்ரிமீற்றர் வரை இறக்கலாம் என்பது எங்கள் கருத்து. ஒரு மீற்றர் என்றால் மின்சார வேலையும், உயர்த்திய சைலன்சரும் கூட வேண்டும்.

வில்லிஸ் ஜீப், பெற்றோல். முழங்கால் அளவு தண்ணீரிலேயே இருமி இருமி நின்றுவிடுகிறது. எயார் கிளீனருக்குள் ஒரு துளி தண்ணீர் இல்லை. ஏன்?
*வாசகர், வெள்ளவத்தை*

விசிறியைப் பாருங்கள். முழங்கால் அளவு வந்ததும் அதன் இலைகள் தண்ணீரைத் தொட்டு, எஞ்சின் முழுக்க வாரி அடிக்கின்றன. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ரிபியூட்டரின் மூடியும் பிளக் வயர்களும் நனைகின்றன, தீப்பொறி தப்பான வழியால் ஓடிவிடுகிறது.

விசிறியால் இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீருக்குள் வேகமாகச் சுழலும் இலை, கப்பலின் புரொப்பெல்லர்போல முன்னோக்கி இழுபட்டு வளைந்து ரேடியேட்டரை அறுத்துவிடும். அதனால் ஆழத் தண்ணீருக்கு முன் பெல்டைத் தளர்த்துவதே பழைய வழக்கம். போர்க்கால வில்லிஸில் இதற்கென்றே டைனமோவைப் பிடிக்கும் தகட்டில் கைப்பிடி வைத்திருந்தார்கள். அதை இழுத்தால் டைனமோ சரிந்து பெல்ட் தளரும். ஆனால் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. ஆகவே தண்ணீரைக் கடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும் தளர்த்தி, கரையேறியதும் முதல் வேலையாக இறுக்க வேண்டும். பெல்டைத் தொட விருப்பமில்லாவிட்டால் ரேடியேட்டருக்கு முன்னால் தார்ப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டுங்கள். வண்டி மெல்ல முன்னே போகும்போது தண்ணீர் பக்கங்களால் விலகி, எஞ்சின் அறைக்குள் மட்டம் சற்றுத் தாழும். வண்டி நின்றால் அந்தப் பயன் போய்விடும்.

மின்சாரத்துக்கு வருவோம். இருட்டிய பிறகு பொனெட்டைத் திறந்து, பெற்றோல் கசிவு எங்கும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, எஞ்சின் ஓடும்போது பூச்செடிக்குத் தெளிக்கும் போத்தலால் பிளக் வயர்கள்மேல் மெல்லிய ஈரம் தெளியுங்கள். பழுதான வயரிலிருந்து நீலப் பொறி தாவுவது கண்ணுக்கே தெரியும். அந்த வயர்களை மாற்றாமல் வேறு எதைப் பூசினாலும் வீண். பிறகு டிஸ்ரிபியூட்டர் மூடியின் விளிம்பிலும், வயர் செருகும் துளைகளிலும், பிளக்கின் ரப்பர் தொப்பிக்குள்ளும் சிலிக்கோன் கிறீஸ் தடவுங்கள். கொயிலின் இணைப்புகளைத் தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பால் சுற்றுங்கள். டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் பாதி மூடும்படி சுற்றினால்தான் அது ஒரே ரப்பராகப் பிடிக்கும்.

சிலிக்கோன் பசை பூசுகிறவர்கள் முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அது காயும்போது அமிலம் விடும் வகை; செம்பு வயரை அரித்துப் பச்சை பிடிக்க வைக்கும். மணமில்லாத, நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகையானாலும் பெற்றோல் படும் இடத்தில் பூசக்கூடாது, ஊறிக் கழன்றுவிடும்.

டிஸ்ரிபியூட்டரை முழுதாக அடைப்பதும் தவறு. உள்ளே தீப்பொறியால் ஓசோன் உண்டாகிறது, ஈரமும் வியர்க்கிறது. இரண்டும் வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளே இருக்கும் தொடுமுனைகளான பொயின்ட் சீக்கிரம் கறுத்துவிடும். வில்லிஸுக்குப் பின் வந்த எம்38 ஜீப்பில் இதற்கு நேர்த்தியான தீர்வு கண்டார்கள். 24 வோல்ட் மின்சாரம், உலோக உறை போட்டுத் திருகிப் பூட்டும் பிளக் வயர்கள், முழுக்க மூடிய டிஸ்ரிபியூட்டர். அதற்குள் காற்று போய்வர எயார் கிளீனரோடு இணைந்த மெல்லிய குழாய்கள். உங்கள் வண்டியிலும் டிஸ்ரிபியூட்டர் உடலில் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி எயார் கிளீனரின் சுத்தமான பக்கத்துக்குக் கொண்டுபோனால் அதே பயன் கிடைக்கும்.

வில்லிஸில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்குக் கீழே, சேஸியோடு இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதன் மூடித் துளைக்கும் ஹோஸ் தேவை. பிரேக் ஒயிலில் தண்ணீர் சேர்ந்தால் அது கொதிக்கும் சூடு குறையும், நீண்ட இறக்கத்தில் பெடல் தரையைத் தொடும்.

கிளச் கேசிங்கின் அடியில் ஒரு துளை இருக்கிறது. அதை நிரந்தரமாக அடைத்துவிடலாமா?
*வாசகர், வத்தளை*

கூடாது. தண்ணீரில் இறங்குமுன் அந்தத் துளைக்குரிய திருகு மூடியை (இதையும் பிளக் என்பார்கள்) திருகுங்கள், வெளியே வந்ததும் கழற்றிவிடுங்கள். அந்தத் துளை எஞ்சினின் பின் சீலும் கியர்பெட்டியின் முன் சீலும் விடும் ஒயில் வடிவதற்காக இருப்பது. மூடியே வைத்தால் ஒயில் தேங்கிக் கிளச் தட்டுக்கு ஏறும். கழற்றும்போது என்ன வடிகிறது என்று பார்ப்பதும் நல்லது. எஞ்சின் ஒயிலா, கியர் ஒயிலா, சேற்றுத் தண்ணீரா என்பதை வைத்தே எந்த சீல் போயிருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

பழைய இராணுவ லொறியொன்றைப் பிரிக்கும்போது வயர் இணைப்புகளிலும் மூடிகளிலும் சாம்பல் நிறத்தில், நார் நாராக, கிறீஸ் கலந்த மக்குப் போன்ற ஒன்று ஒட்டியிருந்தது. சுரண்டி எடுக்கலாமா?
*வாசகர், கொட்டாஞ்சேனை*

உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வண்டிகளுக்குத் தண்ணீர் புகாமல் அடைக்கப் பயன்பட்ட பிரதான பொருள், அஸ்பெஸ்டஸ் நாரைக் கிறீஸில் குழைத்த கலவை. கையால் உருட்டி எந்த வடிவ இணைப்பிலும் அப்ப முடிந்தது, சூட்டையும் தாங்கியது. அதனால் இலட்சக்கணக்கான வண்டிகளில் அதை அப்பினார்கள். உங்கள் லொறியில் இருப்பது அதுவாகவே இருக்கலாம். கிறீஸ் காய்ந்துபோனால் நார் தூளாகிக் காற்றில் கலக்கும், மூச்சோடு நுரையீரலுக்குப் போகும்.

சவர்க்காரத் தண்ணீர் தெளித்து நன்றாக ஊறவிட்டு, பிளாஸ்டிக் தகட்டால் கட்டியாகவே தூக்கி எடுங்கள். கையுறையும், நுண்தூசி தடுக்கும் முகக்கவசமும் அவசியம். துணியைக் கட்டிக்கொள்வது போதாது. கம்பி பிரஷ், எயார் கன், கிரைண்டர் மூன்றையும் கிட்டே கொண்டுவரக் கூடாது. எடுத்ததை ஈரத்தோடு இரண்டு பொலித்தீன் பைகளில் கட்டுங்கள். அந்த இடங்களுக்கு இப்போது பெற்றோலேட்டம் டேப் இருக்கிறது. குழாய் வேலைக்காரர்கள் மண்ணுக்குள் புதைக்கும் குழாயில் சுற்றும் அதே மெழுகு டேப்தான், பழைய சோனகத் தெருப் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

போர்ப் படங்களில் சாரதியின் நெஞ்சு வரை தண்ணீர் இருக்க லொறி ஓடுகிறது. உண்மையிலேயே ஓடியதா?
*மாணவர், தெஹிவளை*

ஓடியது, ஆனால் அதற்கென்று தயார் செய்த பிறகு. அமெரிக்க எம்35 லொறியின் எல்லை சாதாரணமாக 76 சென்ரிமீற்றர். ஆழ்நீர்க் கருவித்தொகுதி பூட்டினால் 183 சென்ரிமீற்றர். எம்151 ஜீப்புக்கு 53 சென்ரிமீற்றர், தொகுதியோடு 152. அந்தத் தொகுதியில் முக்கியமானவை காற்றுக்கு ஓர் உயர்ந்த குழாய், புகைக்கு இன்னொன்று. மற்ற அடைப்புகளும் காற்றுக் குழாய்களும் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வண்டியோடு வந்தவை.

1944 ஜூன் 6இல் நோர்மண்டிக் கரையில் இறங்கிய பிரித்தானிய வண்டிகளுக்கு இந்த வேலை கட்டம் கட்டமாக நடந்தது. முதற்கட்டம் முகாமில், கடைசிக்கட்டம் கப்பலேறும் தறுவாயில். முழுதாக அடைத்த எஞ்சின் சீக்கிரம் சூடாகும், அப்படியே தெருவில் நெடுந்தூரம் ஓட்ட முடியாது என்பதே காரணம். கரையேறியதும் அடைப்புகளை ஒழுங்குமுறையாகக் கழற்றுவதும் அதே ஏற்பாட்டின் பகுதிதான். கேபின் திறந்திருந்ததும் ஒரு நன்மை. சாரதி நனைந்தான், ஆனால் தண்ணீர் உள்ளே வந்ததால் வண்டி மிதக்கவில்லை, சில்லு தரையைப் பிடித்தது.

எங்கள் குடும்பத்தின் பழைய நான்கு சில்லு இழுவை லொறியை வெள்ள காலத்தில் ஆட்களை ஏற்றக் கொடுக்க விரும்புகிறோம். எவ்வளவு ஆழம் வரை பாதுகாப்பு?
*வாசகி, வெல்லம்பிட்டிய*

2016 மே வெள்ளத்தைக் கண்ட ஊரிலிருந்து கேட்கிறீர்கள், அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

எதுவும் மாற்றாத லொறிக்கு ஒரு நேரான விதி: விசிறி இலையின் கீழ் நுனி, அல்லது உயர்த்தாத பிரீதர்களில் மிகத் தாழ்வானது, இரண்டில் எது கீழே இருக்கிறதோ அதுதான் எல்லை. அந்த மட்டத்தில் இரண்டு கதவுப் பக்கமும், பின்பக்கமும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு அடித்துவிடுங்கள். பின்னால் நிற்பவரும் பார்த்துச் சத்தம் போட முடியும்.

இது ஓடாத தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் வேறு கணக்கு. மூழ்கும் ஒவ்வொரு கன மீற்றருக்கும் வண்டி ஒரு டன் பாரத்தை இழக்கிறது. கேபினும் டாங்கியும் பெட்டியும் மூழ்க மூழ்க, டயர் தரையில் அழுத்துவது குறையும், பக்கத்திலிருந்து வரும் நீரோட்டம் வண்டியைத் தள்ளும். 60 சென்ரிமீற்றர் ஓடும் தண்ணீரே பெரும்பாலான சாதாரண வாகனங்களை அடித்துக்கொண்டு போகும். களனி கங்கை பெருகி வீதியைக் குறுக்கே கடந்து ஓடுகிறது என்றால், லொறி எவ்வளவு பெரியதானாலும் இறக்காதீர்கள். அது படகுக்காரர்களின் வேலை.

ட்ரான்ஸ்ஃபர் பெட்டியை லோவில் போட்டு, இரண்டாம் கியரில், நடக்கும் வேகத்தில் போங்கள். நடுவில் கியர் மாற்றக் கூடாது. கிளச்சை மிதிக்கும் கணத்தில் தட்டுகளுக்கிடையே தண்ணீர் புகுந்து வழுக்கத் தொடங்கும். வேகம் கூடினால் இன்னொன்றும் நடக்கும்: உங்கள் லொறி கிளப்பும் அலை ஒழுங்கைகளில் இருபக்க வீடுகளுக்குள்ளும் அடிக்கும், கட்டிலின்மேல் தூக்கி வைத்த சாமான்களையும் நனைத்துவிடும். உதவப் போகிறவர்கள் இதை மனதில் வைக்கத்தான் வேண்டும். மூடி கழன்ற மேன்ஹோலும் வடிகானும் தண்ணீருக்கடியில் தெரியாது, ஆகவே உங்களுக்குத் தெரிந்த வீதியில், நடுவால் மட்டும் ஓட்டுங்கள். மின்கம்பி அறுந்து விழுந்திருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால்?
*வாசகர், மாளிகாவத்தை*

ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். பல எஞ்சின்கள் நின்றபோது சேதமில்லாமல் இருந்து, மறுபடி ஸ்டார்ட் செய்த கணத்தில்தான் உடைகின்றன. பற்றரி வயரைக் கழற்றி, கயிறு கட்டி வெளியே இழுங்கள், கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பெற்றோல் என்றால் எல்லாப் பிளக்கையும், டீசல் என்றால் இன்ஜெக்டர்களையும் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். துளைகளுக்கு நேரே முகத்தை வைக்கக் கூடாது. தண்ணீர் வந்தால் எல்லாம் வெளியேறும்வரை சுற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் கொஞ்சம் எஞ்சின் ஒயில் விட்டு, டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஒயில் மட்டம் ஏறியிருந்தாலோ பால்தேநீர் நிறத்தில் இருந்தாலோ, மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

சைலன்சர் வழியையும் மறக்க வேண்டாம். ஓடும்போது புகையின் அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், எஞ்சின் நின்றதும் தண்ணீர் குழாய்க்குள் ஏறி, திறந்திருக்கும் வால்வு வரை போகலாம்.

கடல் அலையில் ஜீப்பை இறக்கிப் படம் எடுக்க ஆசை.
*வாசகர், மட்டக்குளி*

வேண்டாம். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், பற்றரி முனையும் டைனமோ இணைப்பும் அங்கேயே அரிக்கத் தொடங்கும். சேஸியின் பெட்டி மடிப்புகளுக்குள் போன உப்பை எவ்வளவு கழுவினாலும் முழுதாக எடுக்க முடியாது. அறுபது, எழுபது வருட இரும்புக்கு அது நியாயமில்லை.

தண்ணீரில் இறங்கி வந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், ராஜகிரிய*

அன்றே செய்யவேண்டியவை அதிகம். வெளியே வந்தவுடன் முதல் 200 மீற்றரை மெல்ல, பிரேக்கை இலேசாக மிதித்தபடி ஓட்டுங்கள். ட்ரம் சூடாகி லைனிங் காயும். முன்னும் பின்னும் வாகனமில்லாத இடத்தில் பலமாக ஒருமுறை மிதித்து, நேராக நிற்கிறதா பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அதற்கு எதிர்ப் பக்கத்து ட்ரம் இன்னும் ஈரம்.

கிளச் கேசிங் பிளக், பெல்ட், தார்ப்பாய் மூன்றையும் கவனியுங்கள். பிறகு வண்டியைச் சில மணித்தியாலம் அசையாமல் நிறுத்துங்கள். தண்ணீர் ஒயிலைவிடக் கனம், அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷலின் அடியில் போய்த் தங்கும். வடிக்கும் பிளக்கை முழுதாகக் கழற்றாமல் மெல்லத் தளர்த்தினால் முதலில் வருவது அந்தத் தண்ணீர்தான். தெளிந்த ஒயில் உடனே வந்தால் இறுக்கிவிடலாம். தண்ணீர் வந்தாலும், ஒயில் வெளுத்திருந்தாலும் முழுதாக மாற்றுங்கள். பழைய லேண்ட்ரோவருக்கு ஒவ்வோர் அச்சுக்கும் சுமார் 1.7 லீற்றர், கியர்பெட்டிக்கு 1.5, ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்கு 2.5, முன் சில்லுத் திருப்பும் கோளங்களுக்கு அரை லீற்றர் வீதம், எல்லாவற்றுக்கும் ஈபி 90 கியர் ஒயில். வடித்த ஒயிலை வடிகானில் ஊற்ற வேண்டாம், கானில் சேர்த்துக் கராஜில் கொடுங்கள். கொழும்பின் குடிதண்ணீரில் பெரும்பங்கு அம்பத்தலையில் களனி கங்கையிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. கங்கைக் கரையில் விளையாட்டுக்கு வண்டி இறக்குகிறவர்களுக்கும் இதையே சொல்வோம்.

சேற்றுத் தண்ணீர் என்றால் நான்கு ட்ரம்மையும் கழற்றிக் கழுவியே ஆகவேண்டும். லைனிங்குக்கும் ட்ரம்முக்கும் இடையில் நின்ற மணல், சில நாள் ஓட்டத்திலேயே ட்ரம்மில் வரி வரியாகக் கீறிவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்ட், ஸ்பிரிங் கண்ணிகள் எல்லாவற்றிலும் கிறீஸ் கன்னை வைத்து, சுத்தமான புதுக் கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். டைனமோவையும் ஸ்டார்ட்டரையும் கழற்றி, நல்ல தண்ணீரால் கழுவி, வெயிலில் உலர்த்திக் காபன் பிரஷ் நகர்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட்டரின் பெண்டிக்ஸில் (முன்னே நகர்ந்து எஞ்சினைச் சுற்றும் பல்சக்கரத்தில்) சேறு காய்ந்து ஒட்டினால் அடுத்த நாள் காலை அது வெறும் சத்தம்தான் போடும்.

வெள்ளத் தண்ணீரில் போய்வந்த வண்டி என்றால், இந்த வேலைகளை ரப்பர் கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். அந்தச் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கையில் ஒரு கீறல் போதும். வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், வெள்ளச் சேற்றில் கைவைத்ததை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.